கோட்டின் மேல் நின்ற மீன்

ஏழு நாற்பது. உட்கார்ந்தாயிற்று. இனி எட்டு மணி வரை அசையக் கூடாது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டேன், சட்டைப்பையில் சாவி இல்லை, வெற்றிலை போட்டால் இருமல் வரும் என்று அதுவும் போடவில்லை. இருபது நிமிடம் அசையாமல் இருந்தால்தான் தொட்டியில் இருக்கிற பன்னிரண்டு ரோகு மீனும் நான் வந்ததை மறக்கும் என்று இங்கே ஆராய்ச்சி செய்கிற ஜெபசெல்வி மேடம் சொல்லியிருக்கிறார். மறக்குமா, தெரியாது. நான் அவற்றை மறப்பதில்லை. ஒன்றுக்கு வால் ஓரம் கிழிந்திருக்கும், ஒன்று எப்போதும் சுவரை ஒட்டியே போகும், ஒன்று மற்றதெல்லாம் திரும்பின பிறகுதான் திரும்பும். அந்தக் கடைசி மீனைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும், கல்யாண வீட்டில் எல்லாரும் பந்திக்குப் போன பிறகு எழுந்திருக்கிறவன் நான். தொட்டியைச் சுற்றிப் பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறது, மீன் கண்ணுக்கு நான் படாமல் இருக்க. வலையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. அதன் வழியாகப் பார்த்தால் தொட்டித் தரையில் வெள்ளை பெயிண்ட் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், மூலையில், தண்ணீருக்குள் தேங்காய்ச் சிரட்டை அளவில் கறுப்பாக ஒரு ஸ்பீக்கர். அந்த மூலையில் ஓசை வரும், ஓசை வந்தால் தீனி வரும் என்று ஒன்றரை மாதமாக மீன்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். இப்போது தீனி இல்லாமல் ஓசை மட்டும். அதையும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருகிறார் மேடம். எவ்வளவு சிறிய ஓசை வரைக்கும் மீனுக்குக் கேட்கிறது என்பதுதான் கேள்வி. எட்டு மணியிலிருந்து எட்டு பதினெட்டு வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, ஆகப் பத்துத் தடவை, கோட்டைத் தாண்டிய மீன் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டியது என் வேலை. பத்தில் ஐந்து தடவை ஓசை வரும், ஐந்து தடவை வராது. எந்த ஐந்து என்று எனக்குத் தெரியக் கூடாது. அதுதான் இதில் எல்லாம் என்றார். தெரிந்துவிட்டால் எண்ணிக்கை சாய்ந்துவிடும், நல்லவர் கையில்கூடச் சாய்ந்துவிடும் என்றார். ஓசை தண்ணீருக்குள் மட்டும்தான், வெளியே யாருக்கும் கேட்காது. மேடம் மோட்டார் அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார். இன்று பத்தொன்பதாவது நாள். போன பதினெட்டு நாளில் பதினாறு நாள் எனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்திருக்கிறது என்பது நேற்று மத்தியானம்தான் எனக்கே தெரிந்தது.

இடது கை மடியில் கிடக்கிறது, வேறு யாருடைய கையோ போல. இத்தனை நாளும் அது தொட்டி விளிம்பில் இருந்தது, முழங்கையை ஊன்றி, தாடையை உள்ளங்கையில் தாங்கி. அப்படி ஊன்றினால்தான் மூட்டுவலியில் உடம்பு ஆடாது. இன்று ஊன்றவில்லை. ஏழு நாற்பத்து நான்கு. முதுகில் ஒரு எறும்பு ஏறுகிறது, ஏறட்டும். இந்த அணைக்கட்டு அடிவாரத்துப் பண்ணையில் முப்பத்தொரு வருஷம் மோட்டார் ஓட்டினேன், சீசன் வந்தால் மீன்குஞ்சு எண்ணினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுத்து சுமார், எண்ணிக்கை பிசகாது. ஒவ்வொரு குஞ்சாக எண்ணி விற்க முடியாது. சல்லடைக் கிண்ணத்தால் அள்ளுவோம், முதல் கிண்ணத்தை மட்டும் தட்டில் கொட்டி எண்ணுவோம், மற்றதெல்லாம் அந்தக் கணக்கு. அந்த ஒரு கிண்ணத்தில்தான் நம்பிக்கை அத்தனையும் இருக்கிறது. கண்ணும் வாலும் தவிர ஒன்றும் இல்லாத குஞ்சுகள், ஓடுவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுமாக. குஞ்சு வாங்க வரும் கடையநல்லூர் மசூது பாய் பக்கத்தில் நின்று, "அண்ணாச்சி, நீங்க எண்ணி முடிக்கதுக்குள்ள குஞ்சு வளந்து கொழம்புக்கு ஆயிரும் போலுக்கே" என்பார். நான் பதில் சொல்ல மாட்டேன், சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போகும், ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவேன். எண்ணி முடித்து, நூற்றுக்கு ஐந்து கொசுறு போடுவோம், வழியில் சாகிறதுக்கு ஈடாக. ஆனால் கொசுறு கொசுறுதான், விற்பனை அல்ல. கொசுறு சேர்ந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன், பின்னால் பார்க்கிறவருக்கு இதில் கொடுத்தது உண்டு என்று தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. மேடத்தின் விதி சுலபமான விதி. மீனின் கண் கோட்டைத் தாண்டினால் கணக்கு, தாண்டாவிட்டால் இல்லை. முதல் எட்டு நாள் ஒரு சிரமமும் இல்லை, ஓசை பெரிதாக இருந்தது, பதினொன்று பன்னிரண்டு என்று வந்தன. ஒன்பதாம் நாளிலிருந்துதான் கோட்டின் மேல் நிற்க ஆரம்பித்தன. கண் சரியாக வெள்ளைப் பெயிண்டின் மேல். தாண்டினதா தாண்டவில்லையா. வரத்தான் வந்தது பாவம், கேட்டுத்தானே வந்தது என்று நினைத்து மேடத்துக்கு ஒன்று கொடுத்தேன். ஐந்தை ஆறு என்று எழுதிப் புள்ளி வைத்தேன். கொடுக்கிறோம் என்று மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. எல்லாப் பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு நம் பங்குக்கு ஒரு மீன். இருபத்தொன்பது புள்ளி. எண்ணிப் பார்த்துவிட்டேன், மூன்று தடவை.

ஏழு நாற்பத்தொன்பது. வால் கிழிந்தது மெதுவாகக் கோட்டைத் தாண்டிப் போய், ஒன்றும் இல்லை என்று திரும்பி வருகிறது. மேடம் முதல் முதலில் வீட்டுக்கு வந்த அன்று எங்கள் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் மோர் கொடுத்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். மேடம் விளக்கினார், பாளையங்கோட்டைப் பக்கத்துக் காலேஜில் வாத்தியாராக இருக்கிறார், நாற்பத்து மூன்று வயது, ஏழு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு இந்த ஆராய்ச்சி. வேலை, பிள்ளை, மாமியார் பக்கவாதம் என்று இழுத்துக்கொண்டே போய் இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. ஆவுடையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மீனுக்குக் காது கேக்குதான்னு பாக்க கார் போட்டு வாராக. இந்த வீட்டுல ஒரு மனுசனுக்குக் கேக்கல, பாக்க நாதியில்ல" என்றாள். மேடம் சிரித்தார். எனக்கு உடம்பு குறுகிவிட்டது. வலது காது போய்ப் பதினான்கு வருஷம். மோட்டார் அறையில் என்ஜினுக்கு வலது பக்கம் காட்டியே உட்கார்ந்து போனது. வேலையில் இருக்கும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மோட்டாரை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஆள் கூச்ச சுபாவம், கூப்பிட்டால் திரும்ப மாட்டார் என்று ஊர் நினைத்துக்கொண்டது, நானும் அதன் நிழலில் இருந்துகொண்டேன். அன்று மேடம் அதைப் பெண்சாதி புருஷனைச் சொல்லும் வழக்கமான குறை என்று எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். பேச்சை மாற்ற, மீனுக்குக் காதே இல்லையே மேடம் என்றேன். "வெளிய இல்ல அண்ணாச்சி, உள்ள இருக்கு. ரோகு, கெண்டை மாதிரி மீனுக்கு வயித்துல காத்துப்பை இருக்கும்லா, அதுல இருந்து காது வரைக்கும் குட்டிக் குட்டி எலும்பு, சங்கிலி கணக்கா. தண்ணில சத்தம் வந்தா பை அதிரும், எலும்பு அதக் கொண்டு போய்க் காதுல சேக்கும்" என்றார். எத்தனை மீனை அறுத்திருக்கிறேன், அந்த வெள்ளைப் பையை இரண்டு விரலில் வைத்து உடைத்திருக்கிறேன். பக்கத்திலேயே சங்கிலி இருந்தது எனக்குத் தெரியாது. அறுபத்தாறு வயதில் ஒருவர் வந்து உட்கார்ந்து இதைச் சொன்னாரே. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கை நின்று நின்று போயிற்று. சங்கிலி. எலும்பு வழியாகக் கேட்பது.

எலும்பு. அங்கேதான் நினைப்பு போய்ப் போய் முட்டுகிறது. ஏழு ஐம்பத்து மூன்று. போன ஐப்பசி மழையில் ஆவுடையம்மாள் பின்வாசலில் பாசி வழுக்கி விழுந்தாள். நான் நடையில் உட்கார்ந்து பழைய நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வலது பக்கம் பின்வாசல். "ஆறு தடவ கூப்பிட்டேன்" என்றாள், நான் தற்செயலாகப் போய்ப் பார்த்தபோது. குறையாகச் சொல்லவில்லை, எண்ணிக்கையாகத்தான் சொன்னாள். என்னோடு இருந்து எண்ணப் பழகியிருந்தாள். அந்த ஆறு இன்னும் எனக்குள் இருக்கிறது. ஒரு நாள் ஏழாவது தடவைக்கு அவளுக்கு மூச்சு இல்லாமல் போனால். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பை நான் திருப்பிவிடுவேன், மீன் கோட்டிலிருந்து திரும்புவது போல. விழுந்த மறுவாரத்திலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. அம்மிக்குழவியைத் தரையில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு என்றால் சாப்பாடு. எனக்குப் பாதத்தில் வந்துவிடும். வீட்டுக்கு வந்த மகள் கேட்டாள், "ஏம்மா தரையப் போட்டு இடிக்க?" "பல்லியை வெரட்டுதேன்" என்றாள் ஆவுடையம்மாள். என் ரகசியத்தைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறவளும் அவள்தான், பொத்தி வைக்கிறவளும் அவள்தான். நேற்று மத்தியானம் அவள் கிரைண்டரில் மாவு ஆட்டினாள். அடுப்படி மேடையில் இடது முழங்கையை ஊன்றி நின்றேன், தண்ணீர் குடிக்க. கிரைண்டர் சுற்றியது. முழங்கையில் சின்னதாக ஒரு ரீங்காரம், அங்கிருந்து மணிக்கட்டு, தாடை. எனக்குத் தம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. இதை நான் அறிவேன். தொட்டி ஓரத்தில், சில தடவை மட்டும், ஒரு நிச்சயம் வருமே, இப்போது மீன் வரும் என்று மனசில் ஒன்று சொல்லுமே, முப்பத்தொரு வருஷ அனுபவம் பேசுகிறது என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டேனே, அது மனசு இல்லை. முழங்கை. ஓசை ஸ்பீக்கரிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து சிமெண்டுச் சுவருக்கு, சுவரிலிருந்து என் எலும்புக்கு. நோட்டை எடுத்துப் பார்த்தேன். புள்ளி வைத்த வரியெல்லாம் நான்கு, ஐந்து, ஆறு. ஒன்று, இரண்டு என்று எழுதின வரியில் ஒரு புள்ளிகூட இல்லை. அங்கேயும் கோட்டின் மேல் மீன் நின்றதுண்டு, எனக்கு நினைவிருக்கிறது. சந்தேகம் இரண்டு பக்கமும் இருந்தது. கொசுறு ஒரு பக்கம்தான் போயிருக்கிறது. சாய்ந்துவிட்டது. நல்லவர் கையில்கூட என்றாரே. ஆவுடையம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, "என்னங்க, பேயறஞ்சாப்புல நிக்கிய?" என்றாள். பதினாறாம் நாளோடு அந்த நிச்சயம் என்னை விட்டுப் போய்விட்டது, பதினேழும் பதினெட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் மங்குகிறதோ, வயசு வந்துவிட்டதோ என்று இரண்டு நாளாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு வெட்கப்பட்டேன், இதற்கு வெட்கப்படவில்லையே.

எட்டு. எண்ணுகிறேன். ஒன்று. எழுதினேன். சொல்லத்தான் வேண்டும். சொன்னால் பதினெட்டு நாளும் போகும், தவணைக்கு இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது, மறுபடி பதினெட்டு நாள் எண்ணி, அதன் பிறகு எப்போது எழுதி எப்போது கொடுப்பார். ஏழு வருஷம் ஒரு கிழவனின் முழங்கையில் தட்டிப் போகும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இருபத்தொன்பது மீன், யாருக்கு என்ன நஷ்டம். எட்டு இரண்டு. நான்கு. ஐந்தா? இல்லை, நான்குதான், சுவரோரத்தான் இந்தப் பக்கம். சொல்லாவிட்டால் மேடம் இந்த எண்ணை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நின்று, இவ்வளவு சிறிய ஓசை மீனுக்குக் கேட்கும் என்று சொல்லுவார், அவர் குரலில் என் கொசுறு போய்க்கொண்டிருக்கும். பொய்யை நல்லெண்ணத்தில் பொதிந்து கொடுத்தாலும் வாங்கினவர் சுமக்க வேண்டும். எட்டு நான்கு. மூன்று தாண்டிவிட்டன, கடைசி மீன் கோட்டின் மேல். கண் சரியாகப் பெயிண்டின் மேல். ஓசை வந்ததா? தெரியவில்லை. கை மடியில் இருக்கிறது, காற்று அசையவில்லை, அறையில் மேடம் ஒரு விரலை அழுத்தினாரா அழுத்தவில்லையா தெரியவில்லை. நான் என்ன நினைத்தாலும் அது வெறும் நினைப்புத்தான். கண் தாண்டவில்லை. மூன்று. இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை, தெரியாமல் இருப்பது. மூட்டு வலிக்கிறது, முதுகு நடுங்குகிறது, வலிக்கட்டும், எண்ணுவது மட்டும்தான் என் வேலை, கொடுப்பது என் வேலை இல்லை. எட்டு ஆறு, இரண்டு. எட்டு எட்டு, ஒன்றுமில்லை. எப்படிச் சொல்வது? மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. நடந்துபோச்சு இல்லை, நான் செய்தேன். மேடம், முழங்கையால எனக்குக் கேட்டுட்டு. அதைச் சொன்னால் காதையும் சொல்ல வேண்டும். ஒரு செவிட்டுக் கிழவனை வைத்தா ஓசை ஆராய்ச்சி செய்தேன் என்று நினைப்பார். நாளைக் காலையில் ஏழு நாற்பதுக்கு எனக்குப் போக இடம் இருக்காது. இந்த வெட்டு, இந்தப் பச்சை வெளிச்சம், ஒருவர் காத்துக்கொண்டிருக்கிற எண்ணிக்கை. எட்டு பத்து. ஐந்து. எட்டு பன்னிரண்டு. பதினான்கு. பதினாறு. நான்கு, ஒன்று, நான்கு. எட்டு பதினெட்டு. இரண்டு. முடிந்தது. இந்தப் பக்கத்தில் புள்ளி இல்லை.

மேடம் மோட்டார் அறையிலிருந்து வந்தார், கழுத்துத் துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போல என் இடது பக்கமாகச் சுற்றி வந்து நின்றார். "எந்திரிங்க அண்ணாச்சி, காப்பி ஆறிப் போவுது. என்ன இன்னைக்கு இப்படி வேர்த்திருக்கு?" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. நோட்டை நீட்டினேன், ஒன்பதாம் நாள் பக்கத்தைத் திறந்து. ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. புள்ளி என்னவென்று சொன்னேன், கொசுறு என்றேன், கிரைண்டரைச் சொன்னேன், முழங்கையை ஊன்றிக் காட்டினேன். வாக்கியம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரவில்லை, ஆனால் எண் எல்லாம் சரியாக வந்தது. மேடம் கவிழ்த்து வைத்த தீனி வாளியின் மேல் உட்கார்ந்தார். நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொட்டியில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போயிற்று. "எத்தன புள்ளி?" என்றார். "இருபத்தொம்பது." "எல்லாம் சத்தம் வந்தப்போவா?" "எப்போ சத்தம் போட்டீங்கன்னு உங்க சீட்டுல பாத்தாத்தான் தெரியும் மேடம். எனக்குத் தெரிஞ்சு எல்லாம்." நான் அந்தப் பேசாமையையும் எண்ணினேன், முப்பத்தாறு வரை வந்தேன். பிறகு, "எனக்கு வலது காது கேக்காது. அதையும் மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றேன். மேடம் தலையைத் தூக்கி, "அது தெரியுமே அண்ணாச்சி" என்றார், என் காப்பிக்கு எத்தனை சர்க்கரை என்று தெரியுமே என்பது போல. "அன்னைக்கு உங்க வீட்டுல அம்மா சொன்னாங்கள்லா, நீங்க இடது காதத் திருப்பித் திருப்பிக் கேட்டதையும் பாத்தேன். அதுக்காகத்தான உங்களையே கேட்டேன். எண்ணுறவருக்கு அறைக்குள்ள சுவிட்ச் போடுற சத்தம் கேக்கக் கூடாது. அதான் உங்க வலது காது அறைப் பக்கம் இருக்காப்புல ஸ்டூலைப் போட்டேன். காதை அடைச்சேன், கண்ண அடைச்சேன், முழங்கைய யோசிக்கல. அது என் தப்பு." பதினான்கு வருஷம் நான் ஒளித்து வைத்த குறையைப் பார்த்து, இது எனக்கு வேண்டும் என்று ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், ஆவுடையம்மாள் அதை வாசல் நிலையில் சாய்ந்தபடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேடம் பக்கங்களைப் புரட்டினார். பதினேழு, பதினெட்டு. நிறுத்தி, விரலை வைத்தார். "இங்க ஏன் புள்ளி இல்ல?" "அந்த ரெண்டு நாளும் கைக்கு ஒண்ணும் வரல மேடம். எது சத்தம், எது சும்மான்னு எனக்குத் தெரியல. அதான் ஒண்ணும் கொடுக்கல." மேடம் எழுந்து அறைக்குள் போய்ச் சீட்டை எடுத்து வந்தார், இரண்டையும் மடியில் வைத்து வரி வரியாக விரலை ஓட்டினார். உதடு அசைந்தது. "பதினேழுல சத்தம் போட்டது நாலு, அஞ்சு, மூணு, நாலு, நாலு. போடாதது ஒண்ணு, ரெண்டு, ஒண்ணுமில்ல, ஒண்ணு, ஒண்ணு. பதினெட்டும் இதே மாதிரிதான். அண்ணாச்சி, உங்க முழங்கைக்குக் கேக்காததும் மீனுக்குக் கேட்டிருக்கு." "இந்த ரெண்டு நாள்தான் எனக்கு வேணும். மொத எட்டு நாள் பதினொண்ணு, பன்னெண்டுன்னு வந்துருக்கு, அதுல சாயதுக்கு என்ன இருக்கு. இருந்தாலும் எண்ணுனவருக்குத் தெரிஞ்சுதுன்னு எழுதிருவேன். நடுவுல எட்டு நாள் போச்சு. அத முழங்கை படாம மறுபடி எண்ணணும். எட்டு நாள்." விரலை மடக்கினார். "முடியும். கஷ்டம்தான், முடியும். நீங்க வருவீங்கள்லா?" தலையை ஆட்டினேன். "நாளைக்கு முதுகு வச்ச நாற்காலி கொண்டாறேன். ஊணக் கூடாது, கேட்டேளா." "கேட்டுச்சு மேடம்" என்றேன். அவர் சிரித்த பிறகுதான் நானும் சிரித்தேன், எல்லாரும் சிரித்த பிறகு.

அதன் பிறகு ஒன்று கேட்டேன். யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கம் இல்லை, எப்படி வாயில் வந்தது தெரியவில்லை. "மேடம், கணக்குக்கு இல்ல. அந்த மொத நாள் சத்தத்த ஒரே ஒரு தடவ போடுவேளா? பிள்ளைகளும் ரொம்ப நாளா தீனி இல்லாம ஏமாந்து ஏமாந்து போவுது." மேடம் அறைக்குள் போனார். நான் தீனி டப்பாவை வலது கையில் எடுத்துக்கொண்டேன். இடது முழங்கையை அதன் பழைய இடத்தில், விளிம்பில், ஊன்றினேன், தாடையை உள்ளங்கையில் வைத்தேன். சிமெண்டு குளிர்ச்சியாக இருந்தது. வந்தது. முதலில் முழங்கையில், பிறகு மணிக்கட்டில், பிறகு பல்வரிசையில், எங்கோ அடியில் ஒருவர் குழவியைத் தரையில் வைத்து எடுக்காமல் உருட்டுவது போல. வால் கிழிந்தது திரும்பியது, சுவரோரத்தான் சுவரை விட்டு வந்தான், கோட்டைத் தாண்டி எல்லாம் மூலைக்குப் போயின, கடைசியாக அந்தக் கடைசி மீனும். தீனியைப் போட்டேன். தண்ணீர் கொதிப்பது போலக் கொதித்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தை, கணக்கில் சேராத பக்கத்தை, திறந்தேன். வந்த மீன் பன்னிரண்டு. ஓசை கேட்டவர்களை எல்லாம் எழுதுவது என்றால் முழங்கையால் கேட்ட ஒருவனும் உண்டு. பதின்மூன்று என்று எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.